வானம் மட்டும்

அத்தியாயம் 17

"கழட்டுடா அதை!"

"கழட்ட முடியாதும்மா, ஆணி..."

"ஆணி அடிச்சியா? திருஷ்டி பொம்மைக்குத் தலையில ஆணி அடிச்சியா?"

"தலையில இல்லம்மா, கம்புல. நீ முழுசாக் கேளு..."

"என்னாத்தை முழுசாக் கேக்கறது? ஊரெல்லாம் சட்டியைக் கவுத்து, மீசை வரைஞ்சு, நாக்கைத் தொங்க விட்டுக் கட்டுது. என் புள்ளை மட்டும் கம்பெனி ஹெல்மெட்டைக் கொண்டாந்து..."

"சட்டிதான் நேத்துக் காத்துல விழுந்து உடைஞ்சிடுச்சே! தலையில்லாத பொம்மை நின்னா உனக்குப் பரவால்லியா?"

"தலையில்லாம நின்னாக்கூட நாலு பேரு பயப்படுவான். இதைப் பார்த்தா, வேலைக்கு ஆள் எடுக்கறாங்களான்னு வாசல்ல வந்து கேப்பான்!"

கீழே சமையலறையில் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்த அருணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாடியில் அத்தை காவேரியும், அருணாவின் கணவன் மாதேஷும் போடுகிற சத்தம் பாகலூர் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்.

போன வாரம்தான் மாடி அறைக்குத் தளம் போட்டு முடித்திருந்தார்கள். பூச்சு வேலை முடிகிற வரைக்கும் கண் படாமல் இருக்க, தூண் கம்பியில் வைக்கோல் பொம்மை ஒன்று கட்டியாக வேண்டும் என்பது காவேரியின் சட்டம். பொம்மைக்கு மாதேஷின் பழைய யூனிஃபாரம் சட்டை. இன்று காலை முதல் தலைக்கு அவனுடைய பழைய மஞ்சள் ஹெல்மெட்.

"சரி, ஹெல்மெட்டே இருக்கட்டும். கண்ணாவது வேணும். கண்ணில்லாதது எப்படிடா திருஷ்டியைப் பார்க்கும்? அருணா! ஏம்மா அருணா! சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்கினு மேல வா. உனக்குத்தான் கோலக் கை."

அருணா ஏறி வந்தாள். மாதேஷ் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொள்ள, அவள் விரலால் சுண்ணாம்பைத் தொட்டு இடது பக்கம் ஒரு பெரிய கண் வரைந்தாள். முட்டை மாதிரி வெள்ளை விழி. நடுவில் அடுப்புக்கரியால் உருண்டைப் பாவை.

"அய்யோ, என்னையே முறைக்குதுடி," என்றாள் காவேரி, திருப்தியாக.

"நல்லா முறைக்கட்டும்," என்று சிரித்த மாதேஷ், குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நாலைஞ்சு நாளா நீ ஒரு மாதிரியா இருக்கியே. என்னா விஷயம்?"

"ஒண்ணுமில்லியே."

"நெசமா?"

"நெசமாத்தான்."

அவனிடம் சொல்லலாம்தான். நல்ல மனுஷன். ஆனால் மாதேஷின் வாயில் எந்தச் செய்தியும் ராத் தங்காது. அம்மாவுக்குத் தெரியாமல் பிரிட்ஜ் வாங்கி ஆச்சரியப்படுத்துகிறேன் என்று கடைக்குப் போனவன், கடையில் நின்றபடியே அம்மாவுக்கு போன் போட்டு, "உனக்கு எந்தக் கலர் புடிக்கும்?" என்று கேட்டவன்.

படியில் செருப்புத் தேய்கிற சத்தம் கேட்டது. மாமனார் சென்னகிருஷ்ணன் பாதிப் படி ஏறி வந்து, மருமகள் நிற்பதைப் பார்த்து, அங்கேயே நின்றார். ரோஜாத் தோட்டத்திலிருந்து நேராக வந்திருக்கிறார். முழங்கை வரை முள் கிழித்த கோடுகள்.

"காவேரி. வண்டி வர்ற நேரம் ஆச்சு. கெளம்பச் சொல்லு."

அருணா அவருக்கு நாலு அடி தள்ளித்தான் நின்றிருந்தாள்.

"அருணா, வண்டி வந்துடுமாம்," என்றாள் காவேரி.

"சரின்னு சொல்லுங்க அத்தை."

"சரியாம்."

"ஹௌதா," என்று கன்னடத்தில் ஒரு 'அப்படியா' போட்டுவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அந்த வீட்டு வழக்கம் அது. மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசுவதில்லை. கோபம் எதுவுமில்லை, மரியாதை. அவருக்குத் தண்ணீர் வேண்டுமா, அவளுக்கு ஊருக்குப் போக வேண்டுமா, எல்லாம் காவேரி வழியாகப் போய்க் காவேரி வழியாகத்தான் திரும்பி வரும். கல்யாணமாகி மூன்று வருஷமாக அந்த வீட்டில் காவேரிதான் தபால்காரி.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"இன்னொரு கண்ணு?" என்று பதறினாள் காவேரி.

"சாயங்காலம் வந்து வரையறேன் அத்தை!"

ஒற்றைக் கண்ணோடு பொம்மை பாகலூர் ரோட்டை முறைத்துக்கொண்டு நின்றது.

*

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்ததும் அருணா முதலில் செய்தது, போனை எடுத்து டெலிகிராமைத் திறந்ததுதான்.

பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

போன வாரம் நடந்தது இதுதான். அருணா வேலை செய்கிற வயரிங் கம்பெனியில் மேலாளர் அவளைக் கூப்பிட்டு, புனே தொழிற்சாலையில் ஆறு மாதப் பயிற்சி, திரும்பி வந்தால் லைன் பொறுப்பாளர் என்று சொன்னார். இருநூறு பெண்கள் வேலை செய்கிற இடத்தில் இதுவரை அந்த நாற்காலியில் ஆண்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பதிலுக்குக் கடைசி நாள் இன்று.

வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள். அவருடைய உண்மைப் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

'மேகம் பார்க்கிறவங்க' என்று ஒரு குழு. ஆனேக்கல்லில் இருக்கும் சுமலதா அக்கா என்கிற டீச்சர் ஆரம்பித்தது. தினம் ஒரு மேகப் படம் போடலாம், அதைப் பற்றிப் பேசலாம், அவ்வளவுதான். தமிழ், கன்னடம், தெலுங்கு, யாருக்கு எது வருமோ அது. விதி ஒன்றே ஒன்று. வானம் மட்டும். படத்தில் வீடு கூடாது, கார் கூடாது, மூஞ்சி கூடாது. ஊரும் கேட்கக் கூடாது. டெலிகிராமில் போன் நம்பர் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம், வைத்த பெயர்தான் தெரியும். அருணா அதில் சேர்ந்தபோது ராத்திரி வேலைக்குப் போய் விடியலில் திரும்பிக்கொண்டிருந்தாள். அதனால் அவள் பெயர் 'மூணாம் ஷிஃப்ட்'.

இன்னொருவர் பெயர் 'முகிலு'.

முகிலு கன்னட எழுத்தில்தான் எழுதுவார். "தமிழ் படிப்பேன், எழுத வராது. படிச்சது கன்னடப் பள்ளிக்கூடம்," என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். முதலில் அத்திப்பள்ளி பக்கம் வேலை பார்த்தபோது அருணாவுக்குக் கன்னட எழுத்து பழகிவிட்டது. மாலூர் பக்கம் யாரோ ரிட்டயர் ஆன வாத்தியார் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். மேகத்தில் ஆரம்பித்த பேச்சு, தனியாக எழுதிக்கொள்கிற அளவுக்கு வந்து, மெல்ல வீட்டுக்கு இறங்கியது.

*

"ஏட்டி, ஒனக்கு என்ன கிறுக்கா?"

மதியம் கேன்டீனில் யுவஸ்ரீ தட்டை நங்கென்று வைத்தாள். திருநெல்வேலிக்காரி. ஓசூருக்கு வந்து ஐந்து வருஷமாகியும் பேச்சு மட்டும் தாமிரபரணிக் கரையிலேயே இருக்கிறது.

"ஹெச்.ஆர். மேடம் கேக்காவ. போயி, வேண்டாம்னு சொல்லப் போறேங்கியே!"

"வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க யுவா."

"கேட்டியா?"

"கேக்காமயே தெரியும்."

"எப்படித் தெரியும்? ஒங்க வீட்டாளுவ நெத்தியில எழுதி ஒட்டியிருக்காவளா?"

அருணா போனைத் திறந்து, போன வாரம் முகிலுக்கு எழுதியதை அவளிடம் நீட்டினாள்.

'சொன்னா முதல்ல மாமனார் மூஞ்சி இறுகும். அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார், எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயிடுவார். அதைப் பார்த்து அத்தை அழுவாங்க. அதைப் பார்த்து இவரு உன் இஷ்டம்னு சொல்லிட்டுச் சாப்பிடாம படுத்துக்குவாரு. இவ்வளவு எதுக்கு? நானே வேணாம்னு சொல்லிடறது சுலபம். எல்லாம் அந்த ஒரு மூஞ்சியிலதான் ஆரம்பிக்குது.'

"இதுக்கு அந்தாளு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. அதோட ஆளையே காணோம்."

புனே போகாததைவிட, முகிலு பதில் எழுதாததுதான் அவளுக்கு இந்த நாலைந்து நாளாக அதிகம் வலித்தது.

"நீ ஒங்க மாமனாரப் பத்தி நெறைய எழுதியிருக்கியேட்டி," என்று யுவஸ்ரீ மேலே தள்ளிப் படிக்க ஆரம்பித்தாள். முகிலு எழுதிய கன்னட வரிகளை மட்டும் அருணா படித்துச் சொன்னாள். படிக்கப் படிக்க யுவஸ்ரீயின் தோள் குலுங்கியது.

தை மாதத்தில் எழுதியது. 'எங்க மாமனார் வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி ஒரு இருமல் இருமுவார். கலெக்டர் கார் சைரன் மாதிரி. நான் கையில இருக்கறதைப் போட்டுட்டு எந்திரிச்சு நிக்கணும்.'

அதற்கு முகிலு: 'இருமலுக்கு டாக்டரைப் பார்த்தாரா?'

மாசியில் இவள்: 'மாமனாருக்கு இருமல் நின்னுடுச்சு. சத்தமே இல்லாம வந்து பின்னாடி நிக்கறார். இப்பதான் இன்னும் பயமா இருக்கு.'

பங்குனியில் இவள்: 'இப்ப செருப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடந்து வர்றார். பரவால்லை.'

முகிலு: 'சந்தோஷம்.'

பிறகு ஒரு நாள் இவள்: 'அவரு சிரிச்சு நான் பார்த்ததே இல்லை.'

முகிலு: 'முன்பல்லு இல்லாதவங்க சிரிக்க யோசிப்பாங்க.'

இவள்: 'ஆமா! அவருக்கு முன்பல்லு இல்லை! உங்களுக்கு எப்படித் தெரியும்?'

ரொம்ப நேரம் கழித்து முகிலு: 'வயசானவங்களுக்குப் பொதுவா.'

"சூப்பர் ஆளுட்டி இவரு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் யுவஸ்ரீ. அவள் போனைத் திருப்பித் தருகிற நேரம், குழுவில் புதுப் படம் ஒன்று வந்து விழுந்தது.

முகிலு போட்டது.

அருணா அவசரமாகத் திறந்தாள். நல்ல படம். கிழக்கே கூம்பு கூம்பாக எழும்பி நிற்கிற மழை மேகம், அடியில் ஈய நிறம், உச்சியில் வெயில் பட்டுப் பளபளப்பு.

கீழே சுமலதா அக்கா உடனே எழுதியிருந்தார். 'முகிலு சார், வானம் மட்டும்! கீழ் மூலையில மஞ்சளா என்னமோ எட்டிப் பார்க்குது பாருங்க.'

லாரி ஓட்டுகிற பிரேம்குமார் அதற்கும் கீழே: 'என்னா சார் அது, ஒத்தைக் கண்ணுப் பிசாசா?'

அருணா படத்தின் மூலையை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள்.

மஞ்சள் வளைவு. அதில் முட்டை மாதிரி ஒரு வெள்ளை விழி. நடுவில் கரி உருண்டை.

கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

"என்னட்டி? மூஞ்சி ஏன் வெளுத்துப் போச்சு?"

"இந்தக் கண்ணு நான் வரைஞ்சது."

"எந்தக் கண்ணு?"

"இன்னைக்குக் காலையில. எங்க வீட்டு மாடியில. ஒரு கண்ணு வரையறதுக்குள்ள பஸ் வந்துடுச்சு..."

யுவஸ்ரீ படத்தைப் பார்த்தாள். அருணாவைப் பார்த்தாள்.

"அப்ப ஒங்க வீட்டுல யாரோதான் இந்த..."

மாதேஷ் இப்போது ஷிஃப்டில் இருப்பான். அவனுடைய கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அத்தையிடம் இருப்பது பட்டன் போன், அதில் பேசத்தான் முடியும். மீதி யார்?

பாகலூரில் அந்த வயதுக்காரர்கள் பாதிப் பேர் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். தோட்டத்துக்கு மருந்தடிக்கலாமா, ஆலங்கட்டி விழுமா என்று நாள் முழுக்க வானத்தைப் பார்ப்பதுதான் அவர் வேலை. முன்பல் இல்லை. இருமல் நின்றது. செருப்பு தேய்ந்தது.

'சந்தோஷம்' என்று எழுதியது.

"அய்யய்யோ," என்றாள் அருணா. "அய்யய்யோ யுவா. மாமனாரைப் பத்தி மாமனாருக்கே எழுதியிருக்கேன்."

யுவஸ்ரீ வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பதா, கூட அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்று மணிக்கு ஹெச்.ஆர். மேடம் கூப்பிட்டார்.

"என்ன அருணா, முடிவு பண்ணியாச்சா?"

வேண்டாம் என்று சொல்ல நாலு நாளாக ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"நாளைக்குக் காலையில சொல்லட்டுமா மேடம்?"

"இன்னைக்குத்தானே கடைசி?"

"வீட்டுல ஒருத்தர்கிட்ட கேக்கணும் மேடம். இப்பதான்... அவரு யாருன்னே தெரிஞ்சுது."

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், "காலையில பத்து மணிக்குள்ள," என்றார்.

*

சானமாவு காட்டுப் பக்கம் யானை இறங்கியிருப்பதாக டிரைவருக்கு போன் வந்ததால், பஸ் அந்தப் பக்கத்து ஆட்களை ஓசூரிலேயே இறக்கிவிட்டு நேராகப் பாகலூர் ரோட்டைப் பிடித்தது. வழியெல்லாம் அருணாவுக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. முதலில் வெட்கம்தான் இருந்தது. பாதி வழியில் அது கோபமாக மாறியது. தெரிந்தும் எப்படிச் சும்மா இருந்தார்? அவள் எழுதியதையெல்லாம் படித்துவிட்டு, அவள் கையாலேயே களி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு!

ஜன்னலுக்கு வெளியே அந்த மேகம் இன்னும் நின்றிருந்தது. மதியத்தைவிடக் கறுத்து, வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"வந்துட்டியா?" என்றாள் காவேரி, மிக்சி மூடியை அழுத்திப் பிடித்தபடி. "மழை வந்துடும் போல. மாடியில துணி கெடக்குது, கொஞ்சம் எடுத்துக்கினு வந்துடு. உங்க மாமா மேலதான் இருக்காரு. ஒரு மணி நேரமா வானத்தைப் பார்த்துக்கினு நிக்கற மனுஷன், கொடியில கெடக்கற துணியை எடுப்பாரா? மாட்டாரு."

"சரிங்க அத்தை."

அருணா படி ஏறினாள்.

சென்னகிருஷ்ணன் தூண் கம்பி ஓரம் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் போனைச் சட்டைப் பையில் போட்டார். வழக்கமாக என்றால் இந்நேரம் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போயிருப்பார். இறங்க வழி இல்லை. அருணா படி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒதுங்கவில்லை.

அவள் பொம்மையைப் பார்த்தாள். இப்போது அதற்கு இரண்டு கண். வலது கண் கோணலாக, காது பக்கம் ஓடிப் போயிருந்தது. வரைந்தவருக்குக் கோலக் கை இல்லை.

அவர் தொண்டையைச் செருமினார். சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"காவேரி," என்று பழக்கத்தில் கூப்பிட்டார்.

கீழே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நின்று பேச்சை வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை.

பிறகு சென்னகிருஷ்ணன் பொம்மையின் பக்கம் திரும்பி, அதன் தோளில் கை வைத்தார்.

"ஏம்ப்பா," என்றார் அதனிடம். "வண்டி நேரத்துக்கு வந்துச்சான்னு கேளு."

அருணாவும் பொம்மையைப் பார்த்தாள்.

"வந்துச்சுன்னு சொல்லு."

"கண்ணைக் கெடுத்துட்டேன்னு கோவமான்னு கேளு."

"கண்ணு பரவால்லை. கோவம் வேற விஷயத்துக்குன்னு சொல்லு."

முதல் தூறல் ஒன்று ஹெல்மெட்டின் மேல் டொக் என்று விழுந்தது.

"எப்பலேருந்து தெரியும்னு கேளு," என்றாள் அருணா.

"இருமல்லேருந்து."

"இருமலா? அது போன தையில!" அவள் பொம்மையை மறந்துபோனாள். "தையிலேருந்து நான் எழுதினதெல்லாம் படிச்சுக்கினு, ஒண்ணுமே தெரியாதவர் மாதிரி என் எதிர்லயே உக்காந்து சாப்பிட்டீங்களா?"

மூன்று வருஷத்தில் அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவருக்கும் அது தெரிந்தது. ஆனால் அவர் பொம்மையை விடவில்லை.

"தப்புதான்னு சொல்லு. முதல்லயே சொல்லியிருந்தா, அதுக்கப்புறம் எழுதியிருக்குமான்னும் கேளு."

அருணாவுக்கே தெரியும். எழுதியிருக்க மாட்டாள்.

"இந்த வீட்டுல," என்றார் அவர், ஹெல்மெட்டின் நல்ல கண்ணைப் பார்த்து, "எல்லாரும் எங்கிட்ட மருந்து அடிச்சாச்சா, மோட்டார் போட்டாச்சான்னுதான் கேப்பாங்க. இன்னைக்கு மேகத்தைப் பார்த்தீங்களான்னு கேட்டது அந்த மூணாம் ஷிஃப்டு ஒண்ணுதான். அதை விட மனசு வரலை. அவ்வளவுதாம்ப்பா."

காற்று கொடியில் கிடந்த துணிகளைத் தூக்கி அடித்தது. அருணா கையோடு ரெண்டு சேலையை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். கோபம் முழுசாகப் போகவில்லை. ஆனால் கொஞ்சம் இடம் விட்டது.

"பல்லு விஷயம் குரூப்புல வேற யாருக்கும் எழுதலியேன்னு கேளு," என்றார் அவர், மெதுவாக.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இல்லைன்னு சொல்லு. யுவஸ்ரீக்கு மட்டும் தெரியும்னு சொல்லு."

"அது யாரு?"

"தூரத்து ஊரு. பரவால்லை."

அவர் தலையாட்டினார்.

"நான் எழுதினதுக்கு ஏன் பதில் போடலை?" இப்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை. "ஒவ்வொரு நாளும் பார்த்தேன். இன்னைக்கு வேணாம்னு சொல்லிடறதா இருந்தேன். நீங்க எழுதுவீங்க, எழுதுவீங்கன்னு..."

"உக்காந்தேன். எழுதி எழுதி அழிச்சேன். முகிலு போயிட்டு வான்னு எழுதினா அதுக்கு என்ன மரியாதை? அது யாரோ. ஊரு பேரு தெரியாத ஆளு. சொல்ல வேண்டியது மாமனாரு. மாமனாரு மூஞ்சியிலதான் எல்லாம் ஆரம்பிக்குதுன்னு மூணாம் ஷிஃப்டே எழுதியிருந்துச்சே."

அருணாவுக்குப் புரிந்தது.

"அப்ப அந்த ஹெல்மெட்டு... தெரியாம படத்துல விழலையா?"

"இத்தனை மாசமா வானம் மட்டும்தான் புடிச்சேன். வானத்தை மட்டும் புடிச்சா, அது யாரு வீட்டு வானம்னு தெரியாது பாரு. இன்னைக்கு ஒருநாள் தெரியட்டும்னு நெனச்சேன். சுமலதா டீச்சர் திட்டிட்டாங்க."

தூறல் வலுத்தது. துணி முழுக்க அவள் தோளுக்கு வந்துவிட்டது. இனி மேலே நிற்க அவளுக்குக் காரணம் இல்லை. அவள் நின்றாள்.

"அப்ப மாமனாரு என்னதான் சொல்றாரு?" என்று கேட்டாள். பொம்மையைப் பார்த்துக் கேட்க நினைத்தாள். பார்வை அவர் பக்கம் போய்விட்டது.

சென்னகிருஷ்ணன் பொம்மையின் தோளிலிருந்து கையை எடுத்தார். முதல் தடவையாக மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"புனேக்குப் போயிட்டு வாம்மா. ஆனா மாதேஷுக்கும் உங்க அத்தைக்கும் உன் வாயாலயே சொல்லிடு. அந்தப் பேச்சையும் நான் தூக்கிக்கினு வர முடியாது. எனக்குப் பழக்கமில்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். முன்பல் இல்லாத இடம் சின்னப் பிள்ளை வாய் மாதிரித் தெரிந்தது. கூச்சப்பட்டு உடனே மூடிக்கொள்ளவும் இல்லை.

"குரூப்பை விட்டுப் போயிடாதேம்மா," என்றார். "அங்க மேகம் வேற மாதிரி இருக்கும். போடணும்."

அருணா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. கீழே மிக்சிச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

படி வாசலில் காவேரி நின்றிருந்தாள். தலைக்கு உரச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கையெல்லாம் அரைத்த மசாலாவோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. புருஷனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். நடுவில் கோணல் கண்ணோடு நிற்கிற பொம்மையைப் பார்த்தாள்.

"மூணு வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு நின்னு, எனக்குத்தான் தொண்டை வத்திப்போச்சு," என்றாள். மழை சாக்கின் மேல் படபடவென்று கொட்டியது. "அது கெடக்கட்டும். புனேக்குப் போறது யாரு?"